நல்லவேளை, இடது கை

தோள்பட்டை அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "நல்லவேளை, இடது கை." பக்கத்து வீட்டம்மா சொன்னார், என் நாத்தனார் சொன்னார், ஆபரேஷன் செய்த டாக்டரே கத்தி எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை சொன்னார். எழுதவும் சாப்பிடவும் வலது கை இருக்கிறதே என்ற அர்த்தத்தில். நானும் தலையாட்டினேன். இடது கைக்கு ஒரு வேலை இருக்கிறது, நம் ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை.

எனக்கு அந்த வேலை மற்றவர்களைவிட அதிகம். பத்து வருஷமாக எனக்குச் சிறுநீர் கசிகிறது. இருமினால், தும்மினால், சிரித்தால் கொஞ்சம். அவசரம் வந்துவிட்டால் மொத்தமும். முதலில் பழைய பருத்திப் புடவைத் துணி, அப்புறம் மாதவிலக்கு நாப்கின், நாலு வருஷமாகப் பெரியவர்களுக்கான டயப்பர். உறையூரில் எங்கள் வீட்டில் நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை. ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். கணக்கு டீச்சராக முப்பது வருஷம் இருந்தவளுக்கு நேரம் பிரித்து ஒளித்து வாழ்வது பெரிய காரியமில்லை. மருந்துக்கடைப் பையன் முதல்முறை "யாருக்கும்மா?" என்று கேட்டபோது "மாமியாருக்கு" என்றேன். மாமியார் 2014லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவன் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பான். நல்ல பையன்.

விழுந்த கதையிலும் பொய்தான் சொன்னேன். வாசலில் கோலம் போடும்போது வழுக்கியது என்று. நடந்தது வேறு. காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வரும் வழியெல்லாம் ஒன்றுமில்லை. கேட்டைத் திறந்து, பூட்டில் சாவியை விட்டதும் முட்டிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலைப் பார்த்தாலே மூத்திரப்பைக்குத் தெரிந்துவிடுகிறது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். குளியலறை முன்னால் கிடந்த மிதியடி சறுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தேன். அவ்வளவுதான்.

மேல்கையெலும்பின் தலையைச் சுற்றி நாலு தசைகளின் நாண்கள், சட்டைக் கையின் கஃப் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கின்றனவாம். ரொட்டேட்டர் கஃப் என்றார் டாக்டர். மேலே இருக்கும் நாண் எலும்பிலிருந்து கிழிந்துவிட்டது. சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, எலும்பில் நங்கூரம் மாதிரி இரண்டு திருகுகளை இறக்கி அதில் நாணைத் தைத்தார்கள். ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங், கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு குட்டித் தலையணை. நாண் எலும்போடு பிடித்துக்கொள்ள மூன்று மாதம் ஆகும். "அதுக்குள்ள இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா, தைச்சது போயிடும்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது ராத்திரியில் நான் குளியலறைக்கு ஓடும் ஓட்டம்தான்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னேன். கசிவுக்குச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லவில்லை, பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். அது மடத்தனம். யாரும் செய்யாதீர்கள், இவரை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லியிருக்க வேண்டும். கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைத்தார்கள். மறுநாள் காலை வரை அது என் கையாகவே இல்லை, யாரோ விட்டுவிட்டுப் போன கை மாதிரி வயிற்றின் மேல் கிடந்தது. சலைன் பாட்டில் பாட்டிலாக இறங்கியது. இறங்கினால் வெளியே வரத்தானே வேண்டும்? கண் விழித்தபோது படுக்கை நனைந்திருந்தது. ஆயாம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை வலது பக்கமாகப் புரட்டி, பாதி விரிப்பைச் சுருட்டி, அடுத்த பாதியை இழுத்து, இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிட்டுப் போனார். அந்த மௌனத்துக்குக் கும்பிடு போடலாம்.

வீட்டில்தான் கஷ்டம் ஆரம்பித்தது. படுத்தால் தோள் இழுக்கும், அதனால் முதல் சில வாரம் சாய்ந்தபடியே தூங்கச் சொன்னார்கள். மாமனார் காலத்து ஈஸி சேரை எடுத்துப் போட்டார்கள். அதில் உட்காருவது சுலபம், ஒரு கையால் எழுந்திருப்பது நடக்காத காரியம். முதல் ராத்திரி மூன்று மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது. துணிப் பள்ளத்திலிருந்து எழ முடியாமல் கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி ஆடினேன். கான்வாஸ் துணி வழியே சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் சத்தம் எனக்கே கேட்டது. இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பால் எடுக்க வந்த மருமகள் விளக்கைப் போட்டாள்.

தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்துவிட்டது என்றேன். அவள் தரையைப் பார்த்தாள், மேஜை மேல் நிறைந்திருந்த சொம்பைப் பார்த்தாள். துணியை எடுத்து வந்து துடைத்துக்கொண்டே, "அத்தை, பாப்பா பொறந்ததுக்கு அப்புறம் ஸ்கிப்பிங் குதிச்சா எனக்கும் வரும்" என்றாள். முப்பது வயசுப் பெண். அவள் சொன்னதும் என் பத்து வருஷ ரகசியத்தில் பாதிக் கனம் குறைந்தது போலிருந்தது. மீதிப் பாதி, இப்போது யார் கழுவிவிடுவது என்ற கேள்வி.

அதை யாரிடமும் விடப் பிடிக்கவில்லை. ஹெல்த் ஃபாசெட்டை வலது கையில் பிடித்து இடது கையால் கழுவியே பழகிய உடம்பு. ஒரு கைதான் என்றால் பீய்ச்சிவிட்டு, ஃபாசெட்டை மாட்டிவிட்டு, அதே கையால் கழுவ வேண்டும். முதல் நாள் வலது கை அங்கே போக மறுத்தது. நிஜமாகவே நடுவழியில் நின்றது. அறுபத்தொரு வருஷமாகச் சோறு பிசைந்த கை. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் அன்று மத்தியானம் அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை. ஆறு வாரமும் ஸ்பூன்தான். வற்றல் குழம்பு சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டால் ருசி பாதியாகிவிடுகிறது என்பது என் முடிவு.

டயப்பர் கட்டுவதில்தான் நான் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஜட்டி மாதிரி இழுத்துப் போடும் வகை சௌகரியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கையால் வலது பக்கம் ஏற்றினால் இடது பக்கம் தொடையிலேயே நிற்கும். முதுகுப்பக்கம் கை எட்டாது. பாத்திரம் பிடிக்கும் இடுக்கியால் இழுத்துப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன்பின் அந்த இடுக்கி அடுக்களைக்குத் திரும்பவில்லை, புதிது வாங்க வேண்டியதாயிற்று. இந்த வகையைக் கழற்றும்போது கீழே இழுக்க வேண்டாம், இரண்டு பக்கத் தையலையும் கிழித்தால் கையோடு வந்துவிடும். நாலு வருஷம் உபயோகித்தும் எனக்கு இது தெரியாது, மருமகள் குழந்தைக்குச் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கடைசியில் ஒட்டுப்பட்டி வகைக்கு மாறினேன். குளியலறைச் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டும். நைட்டியின் கீழ் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். டயப்பரின் பின்பாதியை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே வைத்து அழுத்தினால் அது அங்கேயே நிற்கும். முன்பாதியைக் கால்களுக்கு நடுவே இழுத்து வயிற்றுக்குக் கொண்டுவந்தால், அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். இரண்டு நாள் இங்கேதான் தோற்றேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், ஸ்லிங்கில் கிடக்கும் இடது கையின் விரல்கள் வயிற்றுப் பக்கத்தில் சும்மாதானே இருக்கின்றன. தோள் அசையாமல் விரலை மடக்கி நீட்டலாம் என்று பிசியோதெரபிஸ்டே சொல்லியிருந்தார். ஓரத்தை அந்த இரண்டு விரலுக்கு நடுவில் கொடுத்தேன். பிடித்தது. வலது கையால் முதலில் இடது பட்டி, அப்புறம் வலது பட்டி. வாயிலிருந்து நைட்டியை விட்டேன். யாராவது கைதட்டியிருக்கலாம்.

நைட்டி என்றதும் ஒன்று. பாவாடை நாடாவை ஒரு கையால் முடிய முடியாது, புடவையைப் பற்றிப் பேச்சே இல்லை. தெருமுனைத் தையல்காரரிடம் மூன்று நைட்டி கொடுத்து இடது தோள் தையலைப் பிரித்து வெல்க்ரோ வைக்கச் சொன்னேன். கையைத் தூக்காமலே போட்டுக் கழற்றலாம்.

வலி மாத்திரையால் மூன்று நாள் மலச்சிக்கல். அந்த மூன்று நாளும் கசிவு இரட்டிப்பு, குடல் நிறைந்து மூத்திரப்பையை அழுத்துமாம். இசப்கோலும் ஊறவைத்த உலர்திராட்சையும் வந்த பிறகுதான் இரண்டும் அடங்கின. தொடையிடுக்கில் தடிப்பு வந்தபோது பேரனின் கிரீமைப் பங்கு போட்டுக்கொண்டேன். வீட்டில் டயப்பர் கட்டுபவர்கள் இருவர், குப்பைக் கவர் இரண்டு, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கட்டிக் கொடுப்பது என் வேலை.

தோளுக்கு வந்த பிசியோதெரபிஸ்டிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஆச்சரியப்படவே இல்லை. முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" மூன்று டம்ளர் என்றேன். பள்ளிக்கூடப் பழக்கம் அது. ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, சாவி தலைமையாசிரியர் மேஜையில். ஒன்பது மணியிலிருந்து நாலரை வரை குடிக்காமல் இருந்தே முப்பது வருஷம் ஓட்டினோம். குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், அவசரம் கூடத்தான் செய்யும் என்றார். பகலில் நன்றாகக் குடித்து, ராத்திரி ஏழுக்குமேல் குறைக்கச் சொன்னார். காபியை ஒரு வேளையாக்கச் சொன்னார். தோள்வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த நாலு மணிக் காபியைத்தான்...

அவர் சொன்னதில் என்னைக் காப்பாற்றியது ஒன்று உண்டு. முட்டும்போது ஓடாதே. நின்ற இடத்தில் நில், முடிந்தால் உட்கார். சிறுநீரை அடக்கும் தசையை ஐந்தாறு முறை சட்டுச் சட்டென்று இறுக்கி விடு. அலை மாதிரி ஏறும், அப்புறம் இறங்கும். இறங்கியதும் நட. இத்தனை வருஷமும் அலை உச்சியில் இருக்கும்போதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்! கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948லேயே இந்தத் தசைப் பயிற்சியைப் பற்றி எழுதிவிட்டாராம். நான் பிறப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது, என்னிடம் வந்து சேர இவ்வளவு காலம்.

இப்போது பன்னிரண்டாவது வாரம். ஈஸி சேர் பரணுக்குப் போய்விட்டது, கழிப்பறையின் வலது சுவரில் கைப்பிடி வந்துவிட்டது. கசிவு நிற்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று டயப்பர் என்றிருந்தது ஒன்றாகியிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கையைக் காது வரை தூக்குகிறேன்.

இவருக்கு விஷயம் தெரிந்த விதத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. ஸ்லிங் போட்டிருந்த நாலாவது வாரம் டயப்பர் தீர்ந்துவிட்டது. ஆபீசுக்குக் கிளம்பிய மருமகள், "மாமா, அத்தைக்கு டயப்பர் வாங்கிட்டு வந்துடுங்க, எம் சைஸ்" என்று சீட்டை அவர் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டாள். இவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் கறுப்பு கவரை மேஜையில் வைத்தார். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் மாமியார் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கம்மா அந்தக் கடையில நாலு வருஷமா உயிரோட இருக்காங்களாமே?"

எனக்கு வார்த்தை வரவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"பாட்டி எப்படி இருக்காங்கன்னு கேட்டான். நல்லாத்தான் இருக்காங்கப்பா, கையிலதான் கொஞ்சம் அடின்னேன். எந்தக் கைன்னான். இடதுன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"நல்லவேளை சார்ன்னான்."