ஆப்ட் "கீ இல்லை" என்கிறதா? முதலில் பெர்மிஷனைப் பாருங்கள்

உபுண்டு, டெபியன் லினக்ஸில் மென்பொருளை நிறுவும் கருவி ஆப்ட். அங்கே ஆப்ட் அப்டேட் கொடுத்தால் மற்ற ரெப்போ (மென்பொருள் இறங்கும் கிடங்கு) எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டு, ஏதோ ஒன்று மட்டும் "நோ பப்கீ" என்று சொல்லி நின்றுவிடும். அந்த ரெப்போவின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கீயைப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது, போய்ப் பார்த்தால் ஃபைலும் வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஆனாலும் ஆப்ட் இல்லை என்றே சாதிக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து, தேடியதில் முதலில் கிடைத்த வழியைப் பிடித்துக்கொண்டு, ரெப்போ வரியில் "டிரஸ்டட்=எஸ்" என்று சேர்த்துவிடுகிறார்கள். அப்டேட் ஓடிவிடும், உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து அந்த ரெப்போவின் பெயரில் யார் எதைத் தள்ளிவிட்டாலும் உங்கள் கம்ப்யூட்டர் கையொப்பத்தைக் கேட்காமல் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோடு நிறுவிக்கொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் பார்த்தவரை இதில் பாதிக்குமேல் வெறும் பெர்மிஷன் கோளாறு, ஒரே கட்டளையில் தீரக்கூடியது.

முன்னால் சூடோ (ரூட்டாக ஓட்டச் சொல்லும் கட்டளை) போட்டு ஓட்டுகிறோம், அதனால் எல்லாமே ரூட்டாகத்தான் நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆப்ட் 1.1 பதிப்பிலிருந்தே அப்படி இல்லை. உபுண்டு 16.04, டெபியன் 9 தொடங்கி இன்றுவரை, இணையத்திலிருந்து இறக்குவதையும் கையொப்பத்தைச் சரிபார்ப்பதையும் '_ஆப்ட்' என்ற தனிப் பயனர்தான் செய்கிறார், அவருக்கு எந்தச் சிறப்பு அதிகாரமும் கிடையாது. வெளியிலிருந்து வருகிற, இன்னும் சோதிக்காத டேட்டாவை ரூட்டாகத் தொடக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் உங்கள் கீ ஃபைலின் பெர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று இருந்தால் அதை ரூட் மட்டும்தான் படிக்க முடியும், '_ஆப்ட்' படிக்க முடியாது, படிக்க முடியாத கீ அவர் கணக்கில் இல்லாத கீ. "இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்" என்று ஒரு எச்சரிக்கை வரியும் பெரும்பாலும் வரும், ஆனால் அது நாலு வரிக்கு மேலே போய்விடும், கண்ணில் படுவது கடைசியில் நிற்கிற "நோ பப்கீ" மட்டும்தான்.

சரி, 600 எப்படி வருகிறது? பாதுகாப்புக்காக யுமாஸ்க்கை (புதிய ஃபைலுக்கு எந்த அனுமதிகளைத் தடுப்பது என்ற அமைப்பை) 077 என்று மாற்றி வைத்திருக்கும் சர்வர்களில் புதிதாக உருவாகும் ஃபைல் எல்லாம் 600, ஃபோல்டர் எல்லாம் 700 (உரிமையாளர் மட்டும் நுழையலாம்). சூடோ போட்டாலும் அது தளராது, ஏனென்றால் சூடோ உங்கள் யுமாஸ்க்கையும் தன்னுடைய 022-ஐயும் சேர்த்து, இரண்டில் ஏதாவது ஒன்று தடுத்தாலும் அதைத் தடுத்துவிடும். இன்னொரு வழி, வீட்டு ஃபோல்டரில் 600-ஆக இருந்த கீயை எம்வி கட்டளையால் நகர்த்துவது, பெர்மிஷனும் கூடவே வந்துவிடும். டாக்கர் மென்பொருளை நிறுவும் அதிகாரப்பூர்வக் குறிப்பில், கீகளை வைக்கும் கீரிங்ஸ் ஃபோல்டரை 0755 என்று சொல்லி உருவாக்கச் சொல்வார்கள், கீயை இறக்கிய கையோடு பெர்மிஷனை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 'ஏ+ஆர்' (எல்லோரும் படிக்கலாம்) போடச் சொல்வார்கள். அந்த இரண்டு வரியும் எதற்கு என்று தெரியாமலே எல்லோரும் ஒட்டிவிட்டுப் போகிறோம். இதற்காகத்தான்.

பார்ப்பதற்கு எனக்குப் பிடித்த கட்டளை 'நேம்ஐ -எல்'. கீயின் முழுப் பாதையைக் கொடுத்தால், ரூட் ஃபோல்டரில் தொடங்கி எட்சி, ஆப்ட், கீரிங்ஸ், கடைசியில் ஃபைல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில், யாருடையது, என்ன பெர்மிஷன் என்று காட்டிவிடும். ஏதாவது ஒரு வரியில் பெர்மிஷன் பகுதியின் கடைசி மூன்று இடமும் வெறும் கோடாக இருந்தால் தடை அங்கேதான். ஃபைலை மட்டும் பார்த்துவிட்டு 644 (எல்லோரும் படிக்கலாம்) சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு இது மிகவும் உதவும், ஏனென்றால் மேலே உள்ள ஃபோல்டர் 700 ஆக இருந்தால் உள்ளே எது எப்படி இருந்தும் பயனில்லை. சந்தேகம் தீரவில்லையா, சூடோவில் '-யு _ஆப்ட்' சேர்த்து அந்த ஃபைலைக் கேட் கட்டளையால் படித்துப் பாருங்கள், "பெர்மிஷன் டினைட்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். சிஎச்மோட் கொண்டு ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போடுங்கள், அவ்வளவுதான். கீயை மறுபடி இறக்க வேண்டியதே இல்லை.

தற்காலிக ஃபைல்களுக்கான டிஎம்பி ஃபோல்டரும் இதே வேலையைக் காட்டும். அது 1777 (எல்லோரும் எழுதலாம், ஆனால் பிறர் ஃபைலை நீக்க முடியாது) ஆக இருக்க வேண்டும். வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது யாராவது சாதாரணமாக ஒரு ஃபோல்டரை உருவாக்கினால் 755 ஆகிவிடும், '_ஆப்ட்' அங்கே தற்காலிக ஃபைல் எழுத முடியாமல் போகும், அப்போது வருகிற செய்தி "தவறான கையொப்பம் இருக்கிறது" என்பது! படித்தவுடன் ரெப்போவை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்துபோகத் தோன்றும். டெபியன் 13-இல் ஆப்ட்-கீ என்ற பழைய கருவியே இல்லை, சரிபார்க்கும் முறையும் மாறியிருக்கிறது, செய்திகளின் வார்த்தைகளும் வேறாக இருக்கும், ஆனால் படிப்பது அதே '_ஆப்ட்' தான்.

வீட்டு ஃபோல்டரிலிருந்து டெப் ஃபைலை (மென்பொருள் பொதியை) நிறுவும்போது "சாண்ட்பாக்ஸ் இல்லாமல் ரூட்டாக" என்று ஒரு வரி வருமே, அதாவது '_ஆப்ட்' என்ற பாதுகாப்பு வளையம் இல்லாமல் ரூட்டே படித்தது என்று, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் வீட்டு ஃபோல்டர் 750 ஆகத்தான் உருவாகிறது, அதனால் வரும் அறிவிப்பு அது, நிறுவல் நடந்து முடிந்திருக்கும். அதற்குப் பயந்து வீட்டு ஃபோல்டரை 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) ஆக்காதீர்கள். முக்கியமாக, கோபத்தில் யுஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதற்கும் 777 போட்டுவிடாதீர்கள், செட்யுஐடி பிட் (நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் குறி) போய்விட்டால் சூடோவே வேலை செய்யாது, அப்புறம் சரிசெய்ய ரெக்கவரி மோடில்தான் நுழைய வேண்டும்.

ஏற்கெனவே "டிரஸ்டட்=எஸ்" போட்டுவிட்டவர்கள் சோர்ஸஸ் லிஸ்ட் ஃபைல்களில் அந்தச் சொல்லைக் கிரெப் செய்து தேடி எடுங்கள், அந்த இடத்தில் 'சைன்ட்-பை' போட்டு கீயின் பாதையைக் கொடுங்கள், பெர்மிஷனைச் சரிசெய்துவிட்டு ஆப்ட் அப்டேட்டை ஒருமுறை ஓட்டுங்கள். கீ சரியானதாக இருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்துவிடும்.