நல்ல ஆயில் யார் வண்டிக்கு?

“பொறுமையா ஓட்டுறவனுக்கு சாதா ஆயிலா தம்பி?”

அண்ணன் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி, அன்றைக்கே முடிந்திருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து ஹவுசிங் பிளக்கை, அதாவது பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியின் மூடியை, முறுக்கிக்கொண்டே, “இதுவும் புது ஆயில்தான்ணே, குளிருக்குத் தாங்கும்” என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது ஆயிலைப் பற்றி இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதலாளி லடாக்கில் திராஸ் பக்கம் சாலை வேலைக்கு இரண்டு டிப்பரை அனுப்பினார். ஒன்று மூத்த டிரைவர் அண்ணன் வண்டி, இன்னொன்று இளைய டிரைவர் சின்னவன் வண்டி. சிந்தெட்டிக் கியர் ஆயில் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். சாதா ஆயிலைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. “ஒரு வண்டிக்கு வாங்கிக்க, பாப்போம்” என்று முடித்துவிட்டார். எந்த வண்டிக்கு என்று அவர் சொல்லவில்லை. அது என் தலையில் விழுந்தது.

எங்கள் பட்டறையில் ஆயில் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும். உச்சிப்புளி, மண்டபம் என்று ஓடுகிற வண்டிகளுக்கு வெயிலும் உப்புக்காற்றும் மணலும்தான் எதிரி. ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர், அதாவது காற்றுப் போகும் துளை, மணலில் அடைத்துக்கொள்ளும். மீன் ஏற்றக் கடற்கரையில் இறங்கிய வண்டியில் தண்ணீர் புகுந்து ஆயில் பால் மாதிரி வெளுத்து வரும். மார்கழி விடியலில்கூட இங்கே இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் 85டபிள்யூ-140 என்ற கெட்டி ஆயிலை ஊற்றியே பழகிவிட்டோம். அந்த ஆயில் மைனஸ் 12 டிகிரி வரைக்கும்தான். 80டபிள்யூ என்றால் மைனஸ் 26. சிந்தெட்டிக்கில் வரும் 75டபிள்யூ என்றால் மைனஸ் 40. திராஸில் குளிர்கால இரவு மைனஸ் 20-ஐத் தாண்டுவது சாதாரணம்.

இந்த எண்களில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்த டிகிரி வரைக்கும் வண்டி சுகமாக ஓடும் என்று அர்த்தம் இல்லை. ஆயிலின் தடிமன் 1,50,000 சென்டிபாய்ஸை (தடிமனை அளக்கும் அலகு) தொடுகிற இடம் அது. அதற்கு மேல் இறுகினால் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராது. ஹவுசிங்குக்குள் பம்ப் கிடையாது; பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான க்ரவுன் வீல் சுற்றும்போது வாரி இறைப்பதுதான் பேரிங் வரைக்கும் போக வேண்டும். ஆறிய கருப்பட்டிப் பாகில் கரண்டியால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும், மூடாது. இறுகிய ஆயிலில் க்ரவுனும் அப்படித்தான் தனக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு காய்ந்து சுற்றும். வண்டி நகரும், சத்தமும் வராது. தேய்மானம் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

சிந்தெட்டிக்கை நான் சின்னவன் வண்டிக்கு ஊற்றினேன். காரணம் இருக்கிறது. அவன் சாவியைத் திருப்பின மறு நிமிடம் இரண்டாவது கியரில் எடுப்பான். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. அண்ணன் அப்படி இல்லை, வண்டியின் காலை வணக்கத்தை வாங்கிக்கொண்டுதான் நகர்த்துவார். இரண்டு வண்டியும் திரும்பி வர வேண்டும் என்றால், பொறுமை இல்லாத கைக்கு நல்ல ஆயில், பொறுமை உள்ள கைக்கு சாதாவில் 80டபிள்யூ-90. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

வேறு வழியும் பார்க்காமல் இல்லை. “ரெண்டையும் கலந்து பாதிப் பாதி ஊத்துனா என்ன?” என்று கிளீனர் பையன் கேட்டான். கலக்கும், ஒன்றும் பிரியாது. ஆனால் மைனஸ் எத்தனைக்குத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத ஓர் ஆயில் வரும். கியர் பாக்ஸை விட்டுவிட்டு மொத்தப் பணத்துக்கும் ஹவுசிங் ஆயிலே வாங்கினால் என்ன என்றும் பார்த்தேன். இரண்டு வண்டிக்கும் சேர்த்து நான்கு ஹவுசிங்; மூன்றுக்கு வந்தது, நான்காவது நின்றது. வாங்கிய ஹவுசிங் ஆயிலை கியர் பாக்ஸுக்கும் ஊற்றச் சொன்னார் கடைக்காரர். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஜிஎல்-5 என்ற தர வகை. ஹவுசிங்குக்கு அதுதான் சரி, ஆனால் அதில் இருக்கும் கந்தக மருந்து கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங்கைத் தின்றுவிடும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தனியாக வாங்கினேன்.

இரண்டு வண்டியும் பழுதில்லாமல் திரும்பின. ஹவுசிங்கைத் திறந்து பார்த்தேன், பிளக் காந்தத்தில் வழக்கமான மாவுத்தூள்தான், சில்லு எதுவும் இல்லை. முதலாளி, “பாத்தியா, சாதா ஆயிலே போதும்” என்றார். அவருக்கு நான் என்ன சொல்வது? அந்த ஆயில் மட்டும் தாங்கவில்லை, ஒரு மனுஷனும் சேர்ந்து தாங்கியிருக்கிறார் என்று எப்படிக் காட்டுவது?

சின்னவன்தான் பிறகு சொன்னான். அண்ணன் தினமும் இருட்டோடு எழுந்து இன்ஜினை ஓட விடுவாராம். அது கியர் பாக்ஸை மட்டும்தான் சூடாக்கும், ஏனென்றால் நியூட்ரலில் நிற்கிற வண்டியில் ஹவுசிங் சுற்றுவதே இல்லை. அதனால் ஃபர்ஸ்ட் கியரில் ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி ஆயிலை இளக்கியிருக்கிறார். மற்ற டிரைவர்கள் அடியில் நெருப்பு மூட்டினார்களாம். பிரேக் ஏர் பைப்பும் சீலும் வெந்துவிடும் என்று இவர் மூட்டவில்லை. அந்த நேரத்தில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு நிலை கொள்ளவில்லை. லடாக்கில் டீசல் இறுகாமல் இருக்க இந்தியன் ஆயில் 2019-ல் குளிர்கால டீசலையே கொண்டு வந்தது, மைனஸ் 33 வரைக்கும் ஓடும். டீசலுக்கு ஒரு கம்பெனியே யோசிக்கிறது. கியர் ஆயிலைப் பற்றி யோசிக்க வேண்டியவன் நான். யோசித்தேன், வண்டியை வைத்து யோசித்தேன். ஒருவர் நாற்பது வருஷம் போலப் பழகி வைத்த பொறுமையை நான் செலவில்லாத ஆயிலாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வேலை தெரிந்தவன் மேல் பாரத்தை ஏற்றுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது, என்னிடமும் நடந்திருக்கிறது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்ததா, வலித்ததா? இரண்டும்தான்.

சின்னவனுக்கு 80டபிள்யூ ஊற்றியிருந்தால்? ஏதோ ஒரு காலையில் பினியன் போயிருக்கும் என்றுதான் இன்னும் நம்புகிறேன். மேலே பனி கொட்டி, திராஸுக்கு ஏறும் வழியில் இருக்கும் சோஜிலா கணவாய் மூடிவிட்டால் உதிரி பாகம்கூட ஏறாது. ஆக முடிவு தப்பில்லை. அண்ணனிடம் போய் இதைச் சொன்னால் அவரும் தலையாட்டுவார். இருந்தாலும் சொல்லப் போகவில்லை. சரிதான் என்று அவர் வாயால் கேட்டு வாங்குவது இன்னொரு பாரத்தை ஏற்றுவது போல இருக்கிறது.

இந்த வருஷமும் வண்டிகள் ஏறப் போகின்றன. இரண்டுக்கும் சிந்தெட்டிக் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்குத்தான் என்று சொன்னால், சாதா ஆயில் ஓடுகிற வண்டியின் டிரைவருக்கு அந்த விடிகாலை வேலைக்குத் தனியாக பேட்டா வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். முதலாளி சீட்டைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.