சீட்டை ஏற்றி இறக்கும் வேலை

"சீட்டை ஏத்தி இறக்கி விடுறதுக்கா இவ்வளவு காசு வாங்குறே?" என்று பெரியப்பா கேட்டார். பிசியோதெரபி படித்து ஆஸ்பத்திரி வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் போய் உட்கார்ந்தால் வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள். சைக்கிளை ஓட்டுபவரின் உடம்புக்குத் தகுந்தபடி அமைத்துக் கொடுக்கும் ஃபிட்டிங் என் வேலை. பார்வைக்கு அது சீட்டை ஏற்றி இறக்குவதுதான். சீட்டை நான்கைந்து மில்லிமீட்டர் ஏற்றுவேன், கொஞ்சம் பின்னால் தள்ளுவேன், ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவருவேன். அப்புறம் பில் போடுவேன். ஆனால் ஒருவருக்கு ஆகும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி கேட்பதிலும் பார்ப்பதிலும்தான் போகிறது. ஸ்பேனர் பிடிக்கிற நேரம் குறைவு.

சென்னையில் எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கூட்டம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருட்டோடு திருவான்மியூரில் கிளம்பி, மாமல்லபுரம் வரை மிதித்து, இட்லி சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள். சும்மா ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் வருவதில்லை. வலி வந்த பிறகுதான் வருகிறார்கள். அதுவும் மூவ் தடவி, மூட்டுக்கு உறை மாட்டி, நண்பர்கள் சொன்ன யோசனை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு.

"முட்டி வலிக்குது சார்" என்றால், "எந்தப் பக்கம்?" என்பது என் முதல் கேள்வி. முழங்கால் சில்லுக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகமோ என்று சந்தேகம் வரும். பக்கவாட்டில் என்றால் காலணியின் அடியில் இருந்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் க்ளீட்டைத் திருப்பிப் பார்ப்பேன். இதெல்லாம் விதி கிடையாது, தேடத் தொடங்குகிற இடம். சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த நிலையில் அழுத்தும்போது சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. உயரம் கூடிப்போனால் பெடல் கீழே போகும்போது காலை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பின்தொடைத் தசை இழுபடும், இடுப்பு இடமும் வலமுமாக ஆடும்.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலையும் 4,800 தடவை மடக்கி நீட்டுகிறார். நடக்கும்போது ஒரு காலடி போல இன்னொன்று விழுவதில்லை. மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி உடம்பு மாற்றிக்கொள்ளும். சைக்கிளில், அதுவும் பாதத்தைப் பெடலோடு பூட்டிவிட்டால், அந்தச் சலுகை இல்லை. ஒரு டிகிரி கோணல் இருந்தால் அதே கோணல் 4,800 தடவை. ஷிமானோ கம்பெனியின் ரோடு க்ளீட்டில் மஞ்சள் முனை போட்டது பாதத்துக்கு 6 டிகிரி அசைய இடம் கொடுக்கும், நீலம் 2 டிகிரி, சிவப்பில் அசைவே கிடையாது. பந்தயக்காரர்கள் சிவப்பு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையே வாங்கி மாட்டிக்கொண்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. மஞ்சளுக்கு மாற்றியதுமே பாதி வலி போய்விடுகிறது.

சீட் உயரத்துக்குச் சூத்திரங்கள் இருக்கின்றன. 1967-இல் ஹேம்லி, தாமஸ் என்ற இருவர் உட்கால் நீளத்தில் (கவட்டிலிருந்து தரை வரை) 109 சதவீதம் என்று ஒரு கணக்கைச் சொன்னார்கள், பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கு வேறு. உட்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கி, பெடல் சுழலும் நடு அச்சிலிருந்து அளக்க வேண்டும். உட்கால் நீளம் 75 சென்டிமீட்டர், பெடலைத் தாங்கும் தண்டான க்ராங்க் 170 மில்லிமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு விடைக்கும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். நான் மில்லிமீட்டர் கணக்கில் தடுமாறுகிற இடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் என்பது பெரிய பள்ளம். அதனால் சூத்திரத்தை வைத்துத் தொடங்கிவிட்டு, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரிக்குள் மடங்குகிறதா என்று கோணமானி வைத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகு கருவிகளைத் தள்ளி வைத்துவிட்டு, சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் ட்ரெய்னரில் மிதிக்கவிட்டுப் பின்னாலிருந்து இடுப்பைப் பார்ப்பேன். எனக்கு அதிகம் சொல்வது அந்த இடுப்புதான்.

தூக்குக்குண்டு விஷயமும் இப்படித்தான். க்ராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது முழங்காலிலிருந்து குண்டைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது பழைய பாடம். இதற்கு இயற்பியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று கீத் பான்ட்ரேகர் என்ற சைக்கிள் வடிவமைப்பாளர் எப்போதோ எழுதிவிட்டார். படுத்தபடி மிதிக்கும் சைக்கிளில் முழங்கால் எங்கேயோ இருக்கிறது, பெடல் எங்கேயோ இருக்கிறது. அவர்களும் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் குண்டை நான் தூக்கிப் போடவில்லை. போன தடவை எங்கே இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, வலியின் பின்னாலேயே போய் மூலத்தைத் தேடுவது. ஒருவர் வலது கை மரத்துப்போகிறது என்று வந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஜெல் கையுறை வாங்கியிருந்தார், ஹேண்டிலுக்கு இரட்டைச் சுற்று டேப் போட்டிருந்தார். நான் சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். முனை நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது. சீட் சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைக் கையால்தான் தாங்க வேண்டும். சரி, சீட்டை ஏன் சாய்த்தார்? கேட்டதும் பேச்சு நின்றது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மனைவி டீ குடிக்க வெளியே போனதும், "அந்த இடத்துல மரத்துப் போகுது சார், அதான்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அந்த இடத்தில் ஏன் மரத்துப்போனது என்று தேடினால், ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தது. எட்டுவதற்காக இடுப்பை முன்னால் உருட்டி, எலும்பில் உட்கார வேண்டியவர் மென்மையான பகுதியில் உட்கார்ந்திருந்தார். ஏன் எட்டவில்லை? தள்ளுபடியில் கிடைத்ததென்று 56 அளவு ஃப்ரேம் வாங்கியிருந்தார். அவருக்கு 52 போதும். கையில் இருந்த வலிக்கு வேர் கடையில் போட்ட பில்லில் இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமைக் குட்டையாக்கி, சீட்டை மட்டப்படுத்தி, கொஞ்சம் இறக்கி, முடிந்தவரை சரிசெய்தோம். கை மரத்துப்போவது நின்றது. ஆனால் அந்த ஃப்ரேம் அவருக்கு என்றைக்கும் பெரிய சட்டைதான். வாங்குவதற்கு முன்னால் வந்து அளவு பார்த்திருந்தால் இவ்வளவு வேலையே இல்லை என்று சொன்னேன். எல்லோரிடமும் சொல்கிறேன். வாங்கிய பிறகுதான் சொல்லக் கிடைக்கிறது.

மரத்துப்போவதை ஆண்கள் சொல்வதில்லை. புண்ணாவதைப் பெண்கள் சொல்வதில்லை, என்னிடம் நிச்சயமாகச் சொல்வதில்லை. அதனால் பெண்கள் வந்தால் கூட வேலை செய்யும் அக்காதான் முதலில் பேசுவார். அவரிடம் பத்து நிமிடத்தில் வெளிவரும் விஷயம் என்னிடம் மூன்று மணி நேரம் ஆனாலும் வராது. இதற்கு எந்த மென்பொருளும் உதவாது. உட்காரும் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பஞ்சு அட்டையில் உட்காரவைத்து அளந்துவிடலாம், அதற்கேற்ற அகலத்தில் சீட்டும் கிடைக்கும். பலர் அதைச் செய்யாமல் தடிமனான ஜெல் உறையை வாங்கி மாட்டுகிறார்கள். விரலால் அமுக்கிப் பார்க்க மெத்தென்று இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் எலும்பு அதில் புதைந்து, பக்கத்துச் சதையெல்லாம் மேலே எழும்பி அழுந்தும். மெத்தென்ற சீட் கடையிலிருந்து வீடு வரை போகத்தான் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

இன்னொன்று, சைக்கிள் இரு பக்கமும் ஒரே மாதிரி, மனிதர்கள் அப்படி இல்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஒரு இடுப்பு கொஞ்சம் இறுக்கம், எப்போதோ விழுந்து எலும்பு கூடிய தோள். பெல்ஜியத்தின் பெரிய பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் 1969-இல் ப்ளுவா நகர ஓட்டப் பாதையில் விழுந்தார். அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டிச் சென்றவர் அங்கேயே இறந்துபோனார். மெர்க்ஸுக்கு இடுப்பு விலகியது. அதன் பிறகு பந்தயத்தின் நடுவிலேயே சீட்டை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். அப்படியும் டூரை இன்னும் நான்கு முறை வென்றார். வாடிக்கையாளர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு. அவர் மாதிரி நீங்களும் தினம் ஒரு உயரம் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிதளவு மாற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று எனக்கும் தெரியாது.

கடைக்கு எதிரே உள்ள கட்டடத்தில் காவலாளியாக இருக்கும் அண்ணன் பழைய கறுப்பு ரோட்ஸ்டர் ஓட்டுகிறார். நிமிர்ந்து உட்காரும் வண்டி, அகலமான ஸ்ப்ரிங் சீட். கைக்கும் முதுகுக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சீட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தார், முழங்கால் வலி. நான் இரண்டு அங்குலம் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவரே பழையபடி இறக்கிவிட்டார். "தம்பி, பஸ்ஸு நடுவுல திடீர்னு நிறுத்தினா ரெண்டு காலும் தரையில நிக்கணும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அவர் ஓட்டுவது இரவு எட்டு மணி வேளச்சேரி சாலையில். கடைசியில் ஓர் அங்குலத்துக்கு ஒப்புக்கொண்டார். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கவும் பழகிக்கொண்டார். காசு வாங்கவில்லை. வலி குறைந்திருக்கிறது, போகவில்லை.

என் கைக்கு அடங்காதவையும் நிறைய. மூட்டு வீங்கியிருந்தாலோ, நடுவில் மாட்டிக்கொண்டு மடங்க மறுத்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ சைக்கிளைத் தொடவே மாட்டேன். எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் அடுத்த மாதம் 200 கிலோமீட்டர் பிரெவேக்கு, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்துக்கு, பெயர் கொடுத்துவிட்டு, "ஃபிட்டிங் பண்ணிட்டா முடிச்சிடலாம்ல?" என்று கேட்டால் சிரிக்கத்தான் முடியும். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய தூரம் அது. பயிற்சி செய்யாத தசைக்கு மில்லிமீட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை முடிந்ததும் எல்லா அளவையும் எழுதி ஒரு படி கொடுப்பேன், சீட் தண்டில் கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டுவேன். சர்வீஸுக்கு விடும்போது தண்டைக் கழற்றிக் கழுவிவிட்டு, கண்பார்வைக்கு ஒரு உயரத்தில் மாட்டித் தருவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. டேப் பழுப்பேறி அசிங்கமாக இருக்கிறது என்று பிய்த்துப் போட்டுவிட்டு, "சார், முட்டி திரும்ப வலிக்குது" என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவைப் போனிலேயே சொல்லிவிடுவேன். அதற்குத் தனியாகக் காசு கிடையாது.