சாதாரணம் என்றால் எத்தனை மில்லி?

எங்களுக்குத் தாதிப் பயிற்சி தந்த சிஸ்ரர் காலமான செய்தி மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை எங்கள் பட்ச் வட்ஸ்அப்பில் வந்தது. அதே கிழமை மலர்க்குழுவிலிருந்தும் ஓர் அழைப்பு: "பேராசிரியராய் வந்த கதையை எழுதுங்கோ அக்கா, இளம் பிள்ளையளுக்கு ஊக்கமாயிருக்கும்." ஊக்கத்தை வேறு யாராவது எழுதட்டும். என்னிடம் இருப்பது ஒரு தராசின் கதை.

1984. லேபர் றூமில் என் முதல் நைற் டியூட்டி. ஐந்து மணிக்குப் பிறந்த குழந்தையைத் துடைத்துச் சுற்றிக் கொடுத்தேன். றிப்போட்டில் 'இரத்தப்போக்கு சாதாரணம்' என்று எழுதினேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஆறரைக்கு சிஸ்ரர் வந்தா. றிப்போட்டை அவ பார்க்கவில்லை, தாயைப் பார்த்தா. நாடி பிடித்தா, அடிவயிற்றில் கை வைத்தா. கருப்பை பிசைந்த மாவாய்த் தளர்ந்து கிடந்தது; அது இறுகினால்தான் இரத்தம் நிற்கும். ஒரு கையால் அதைத் தேய்த்தபடியே, அதை இறுக்கும் மருந்தான எர்கோமெட்ரின் கேட்டா. குரல் உயரவேயில்லை. கருப்பை இறுகிய பிறகுதான் என் பக்கம் திரும்பினா.

"சாதாரணம் எண்டால் எத்தினை மில்லி, பிள்ளை?"

"இருநூற்றைம்பது இருக்கும், சிஸ்ரர்."

குழந்தை நிறுக்கும் தராசில் றபர் சீற்றை விரிக்கச் சொன்னா. வாளியில் கிடந்த சீலைத்துண்டுகளை எல்லார் முன்னிலையிலும் நான் ஒவ்வொன்றாய் நிறுத்தேன். காய்ந்த சீலையின் நிறையைக் கழித்தால், கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. கூட்டிப் பார்த்தபோது 700. ஐந்நூறைத் தாண்டினாலே ஆபத்து என்று முந்தின கிழமைதான் பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியிருந்தேன்.

அதோடு விட்டாவா? திங்கட்கிழமை வகுப்பில் அவித்த பீற்றூட் தண்ணீரோடு நாங்கள் தொப்பிக்குப் போடும் கஞ்சியைக் கலந்து, பழஞ்சீலைகளில் ஊற்றும் வேலையை என்னிடமே தந்தா. மற்றவர்கள் பார்த்து அளவு சொல்லவேண்டும். அன்றிலிருந்து என் பெயர் 'சாதாரணம்'. லண்டன் ஒன்றுகூடலில் இப்பவும் "சாதாரணம் வந்திட்டாள்" என்றுதான் வரவேற்பு. அந்த வருடம் முழுக்க சிஸ்ரரை வெறுத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு இங்கே, பிரித்தானியாவுக்கு வந்தேன். 1990களில் இந்த நாட்டில் தாதியர் கல்வி ஆஸ்பத்திரிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்குப் போனது. நானும் அந்தப் படியில் ஏறினேன். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது வாயில் வேறொன்றும் வரவில்லை: பிரசவத்தில் போகும் இரத்தத்தை மதிப்பிட மாணவிகளுக்கு எப்படிக் கற்பிப்பது. போகும் அளவு கூடக்கூடக் கண் குறைத்தே சொல்லும். அனுபவப்பட்ட கண்ணும் அப்படித்தான். கட்டுரையில் பீற்றூட் தண்ணீர் 'நிறமூட்டிய மாதிரித் திரவம்' ஆகிவிட்டது. நன்றிக் குறிப்பில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். சிஸ்ரர் இல்லை.

2023இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள். தாயின் கீழே அளவுகோடு போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு. இரத்தம் கோட்டைத் தொட்டால் கருப்பையைத் தேய்ப்பது, மருந்து, சேலைன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரேயடியாக. கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்திருந்தது. வாசித்து முடிக்குமுன்னே என் அலுவலக அறையில் றபர் சீற் மணம் வந்தது.

போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்த மறுவருடம், 2003இல், ஊருக்குப் போன ஒருவரிடம் என் கட்டுரையின் பிரதியொன்றை சிஸ்ரருக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். பாராட்டு வருமென்ற நினைப்பு. மூன்று மாதத்தால் கடிதம் வந்தது. படிப்பிக்க ஆளில்லை, ஒரு வருசமாவது வந்து நில்லும் என்று மேலே. கீழே சிவப்பு மையில்:

"திரவத்துக்குக் கஞ்சி கலந்தனீரோ? கலக்காட்டில் சீலையில் கூடப் பரவும், பிள்ளை. கண் பிழையாய்ச் சொல்லும்."

நான் கலக்கவில்லை. பதிலும் எழுதவில்லை.