தம்பி எடுத்த வாக்குத்தத்த அட்டை

2020ஆம் ஆண்டின் கடைசி இரவில், எங்கள் ஊர்க் கோயிலில் ஆராதனை முடியும் தறுவாயில், வழக்கம்போல, புதிய ஆண்டுக்கென்று ஆளுக்கொரு வேதாகம வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் நிறைந்த தட்டு ஒவ்வொரு வரிசையாக வந்தது. முகக்கவசம் அணிந்து, பெஞ்சுக்கு மூன்று பேராக இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த அந்த நடுநிசியில், என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டையை உருவினான். நீல ஓரம் போட்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அட்டை, ஒரு மூலையில் புறா, நடுவில், வேதாகமப் பாடல்களான சங்கீதங்களில் 91ஆவதின் 10ஆம் வசனம்: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." கொரோனா காலத்தில் இதைவிடப் பொருத்தமான வசனம் யாருக்குக் கிடைத்துவிடும் என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. தம்பி அதைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த மே மாதம், இரண்டாம் அலையில், தன் 34ஆம் வயதில் அவன் இறந்துபோனான்.

அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை. ஆக்சிஜன் படுக்கைக்காக ஒரு இரவு முழுவதும் ஆம்புலன்ஸில் காத்திருந்தோம். ரெம்டெசிவிர் மருந்துக்காக என் கணவர் வரிசையில் நின்றார். சபையார் மணிக்கு ஒரு வீடு என்று முறை வைத்து இரவும் பகலும் சங்கிலி ஜெபம் செய்தார்கள். எட்டாம் நாள், எங்களுக்குப் பழக்கமில்லாத ஓர் ஊழியக்காரர் தொலைபேசியில் அழைத்து, தம்பி எழும்பி வந்து சாட்சி சொல்லுவான் என்று கர்த்தர் தமக்கு வெளிப்படுத்தியதாகச் சொன்னார். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், நானும் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து, பிளாஸ்டிக் உறையில் கட்டிய அவன் உடலைக் கல்லறைத் தோட்டத்துக்குள் நான்கு பேர் பாதுகாப்பு உடையில் சுமந்து சென்றபோது, முகத்தைப் பார்க்கவும் எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆறுதல்களில் சில, மரணத்தைக் காட்டிலும் கொடுமையாக இருந்தன. எங்கள் வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். தேவன் நல்ல பூக்களையே முதலில் பறிப்பார் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் மூன்று நண்பர்களும் வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள் என்று வேதம் சொல்லுகிறது. அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த ஏழு நாள் மட்டும்தான் என்பது என் எண்ணம். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது, தம்மைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள்போலப் பேசிய அந்த நண்பர்களிடத்தில்தானே தவிர, தம்மையே வழக்குக்கு இழுத்த யோபுவிடத்தில் அல்ல. எங்கள் தெருவில் ஒரு வயதான விதவைத் தாயார் இருந்தார். ஊரடங்கு தளர்ந்தபின் அவர் தினமும் மாலை நான்கு மணிக்கு வந்து, எங்கள் அடுப்படிக்குள் தாமாகவே போய்த் தேயிலை போட்டு, அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒரு வசனமும் சொன்னதில்லை.

எனக்கு வந்த சந்தேகம் புத்தகம் படித்து வந்ததல்ல. தேவன் இருக்கிறாரா என்ற கேள்வியை விட, இருந்தால் அவர் சொல்லை நம்பலாமா என்ற கேள்விதான் என்னை உள்ளுக்குள் அரித்தது. அந்த அட்டை பொய் சொன்னதா, அல்லது நாங்கள் அதைப் பொய்யாக வாசித்தோமா? பல மாதங்கள் 91ஆம் சங்கீதத்தின் பக்கத்தையே நான் திறக்கவில்லை. திறந்தபோது, சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் தெரிந்திருந்தும் ஒருபோதும் சேர்த்துப் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்கும் பிசாசு, தேவாலயத்து உப்பரிகையின்மேல் அவரை நிறுத்தி, கீழே குதியும் என்று சொல்லும்போது எடுத்துக்காட்டும் வேதவாக்கியம் இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்கள். தம்பியின் அட்டையில் இருந்ததற்கு அடுத்த வரிகள். சங்கீதம் பொய்யல்ல, ஆனால் அதை ஒரு உத்தரவாதச் சீட்டாக வெட்டியெடுத்து நீட்டும் வழக்கம் யாரிடமிருந்து தொடங்கியது என்பதை மத்தேயு தம் சுவிசேஷத்தில் எழுதிவைத்திருக்கிறார். இயேசுவோ அந்த வாக்குத்தத்தத்தைச் சோதித்துப் பார்க்க மறுத்தார், பிறகு சிலுவையில் அவர் வாயில் வந்தது 91ஆம் சங்கீதம் அல்ல, 22ஆம் சங்கீதம்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இந்த வசனத்தை அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.

கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. அதில் என் வீரம் எதுவுமில்லை. ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சபையார் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். மண்ணுக்குள் போன அந்தப் பிளாஸ்டிக் உறைதான் நினைவுக்கு வரும். பக்கத்தில் அம்மா அந்த வரியை மற்ற வரிகளைப் போலவே, சத்தம் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லி முடிப்பார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அந்த வரியை எனக்காகவும் சேர்த்து அவர்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். 325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய சங்கத்தின் விசுவாசப்பிரமாணம் கிரேக்க மூலத்தில் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில்தான் தொடங்குகிறது. எதற்காக அப்படி எழுதினார்கள் என்பதற்கு இறையியல் காரணங்கள் இருக்கும். எனக்கு அது, ஒரு வரிசையில் ஒருத்திக்குக் குரல் எழும்பாத நாளில் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவதற்கான ஏற்பாடாகவே தோன்றியது.

ஜெபம் மட்டும் வரவில்லை. ஸ்தோத்திரம் என்று தொடங்கினாலே பாசாங்காகப் பட்டது. எங்கள் வீடுகளில் ஜெபம் என்றால் முதலில் நன்றி, பிறகு விண்ணப்பம் என்று ஒரு ஒழுங்கு உண்டு. முறையிடுவது முறுமுறுப்பு, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்த பாவம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். அவற்றிலும் பெரும்பாலானவை கடைசியில் திரும்பித் துதியில் முடிகின்றன. ஏமான் என்பவருடைய பெயரில் இருக்கும் 88ஆம் சங்கீதம் மட்டும் திரும்புவதே இல்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், நண்பரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்று பொருள்படும். சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் இதை எடுத்து எறிந்திருக்கலாம், அல்லது ஒட்டுப்போட்டதுபோல ஒரு அல்லேலூயாவையாவது கடைசியில் சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் விட்டதற்காக அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 2022இல் பல இரவுகள் என் ஜெபம் என்பது இந்த 18 வசனங்களை வாசித்துவிட்டு விளக்கை அணைப்பதாகவே இருந்தது. நம்பிக்கை அற்றவள் யாரிடம் முறையிடுவாள் என்ற யோசனை வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

சென்னையில் எங்கள் வீடு ஆலந்தூரில். பரங்கிமலை நடந்துபோகும் தூரம்தான் என்றாலும், சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கத்தோலிக்கருடைய அந்த மலைக்குப் போகவேண்டும் என்று தோன்றியதில்லை. ஒரு ஜூலை மாதத்து மாலையில், அலுவலகத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போக மனமில்லாமல், படிகளில் ஏறினேன். போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய சிறிய கோயில். பீடத்துக்குமேல் பழைய பாரசீகப் பஹ்லவி எழுத்துகள் சுற்றிலும் செதுக்கிய பழைய கற்சிலுவை. வெளியே வந்து நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் சக்கரங்கள்கூடத் தெரியும். இயேசுவின் சீடரான தோமா அங்கேதான் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. அவர் இந்தியாவுக்கு வந்தாரா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. சந்தேகத்துக்குப் பெயர்போனவரின் மலைக்கு அது பொருத்தம்தான்.

மதில்சுவரில் உட்கார்ந்து கைப்பேசியில் யோவான் 20ஆம் அதிகாரத்தை வாசித்தேன். தோமாவைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டதெல்லாம் விரலும் காயமும்தான். அன்று என் கண் நின்றது வேறோர் இடத்தில்: "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு". மற்ற பத்துப்பேரும் உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோம் என்று பூரித்துப் போயிருக்கிறார்கள். இவர் ஒருவர் மட்டும், அவர் காயத்தில் விரலை இட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு நாள், பூட்டிய கதவுக்குள், அவர்களோடுகூட அதே வீட்டில் இருந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், அவர்கள் அதையே திரும்பத் திரும்பப் பேசுவதைக் கேட்டிருப்பார். அவரும் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. அவிசுவாசி என்று அவர்களும் துரத்தவில்லை. இந்த எட்டு நாளைப் பற்றி யோவான் ஒரு வரியும் எழுதவில்லை. இயேசுவின் நண்பர் லாசரு இறந்தபோது, அவரோடு மரிக்க நாமும் போவோம் வாருங்கள் என்று மற்றவர்களை அழைத்தவரும் இதே தோமாதான் என்பதால், அவருடைய சந்தேகம் அன்பில்லாதவனுடைய சந்தேகமல்ல என்றும் எனக்குப் பட்டது. அவர் கடைசியில் விரலை நீட்டித் தொட்டார் என்று வேதத்தில் எங்கும் இல்லை. என் எட்டு நாள் இன்னும் முடியவில்லை என்று அன்று மலையிலிருந்து இறங்கும்போது நினைத்துக்கொண்டேன். இன்றும் சில நாட்களில் அப்படித்தான்.

அம்மா பிறந்த ஊர் களக்காட்டுக்குப் பக்கம். டோனாவூருக்குச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறார். 1895இல் இந்தியாவுக்கு வந்து, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 55 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் டோனாவூரில் தம் அறைக்குள்ளேயே கழித்தார். அவருக்கு நடந்ததையும் அற்புத சாட்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கல்லறைமேல் நடுகல் கிடையாது. பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியும், அதில் தாயைக் குறிக்கும் ஒரு சொல்லும்தான். தம்பி இறந்த பிறகு அம்மா அந்தத் தொட்டியைப் பற்றி இரண்டு மூன்று முறை பேசினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில், அலமாரியை ஒதுக்கும்போது தம்பியின் வேதாகமம் கையில் அகப்பட்டது. அட்டை உள்ளேயே இருந்தது. நீல ஓரம் வெளுத்து, புறாவின் மேல் எண்ணெய்க் கறை. இதைப் பார்க்கும்போது கோபம் வரவில்லையா, இன்னும் ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் கிழிக்கணும்? அது அவன் கையால எடுத்ததுல்லா" என்றார். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு, அட்டையை வாங்கி முந்தானையால் துடைத்து, இருந்த பக்கத்திலேயே வைத்து மூடினார்.