கடன் நோட்டைக் கேட்ட அண்ணாச்சி

கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு அப்பளம் போடும் குடும்பம் எங்களுடையது. அம்மா காலத்தில் அக்கம்பக்கத்துக்கும் அம்பாசமுத்திரம் கடைகளுக்கும் கொடுத்ததோடு சரி. நான் பொறுப்பெடுத்த பிறகு திருநெல்வேலி டவுன், தென்காசி என்று கடைகள் கூடின. சரக்கு போனது, கையில் காசு நிற்கவில்லை. உளுந்து வாங்கவே நகை அடகுக்குப் போகும். விவரம் தெரிந்த ஒருவர் கூட நின்று வழி சொன்னால் தேவலை என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் போனது மாவட்டத் தொழில் மையத்துக்கு. சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம், நம் பங்கு குறைந்தது 10 சதவீதம் என்று பொறுமையாக விளக்கினார்கள். திட்ட அறிக்கைக்கும் வங்கிக் கடனுக்கும் உதவ மாவட்ட வள நபர் என்று ஒருவரும் உண்டு. நல்ல ஏற்பாடு, அவசியம் பயன்படுத்த வேண்டியது. ஆனால் எந்தக் கடைக்குக் கடன் கொடுக்கலாம், எப்போது விலையை ஏற்றலாம் என்பதெல்லாம் கடன் விண்ணப்பத்தில் வராதே.

அப்புறம் ஒரு பயிற்சியில் அறிமுகமான ஆலோசகர். அப்பளம் போடும் இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், "ட்ரையர் வாங்கிருங்க" என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்க முடியாமல் தவிக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு கம்பெனி பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரித்தால் அங்கே அவருக்குக் கமிஷன். நம்மிடம் எதையாவது விற்க வருகிறவர் நமக்கு வழிகாட்டியாக இருக்க முடியாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். மும்பையில் பெரிய அளவில் தொழில் செய்யும் சித்தப்பாவிடமும் பேசினேன். பாசமாகத்தான் சொன்னார், ஆனால் அவர் கணக்கு லட்சத்தில்தான் தொடங்கும்.

கடைசியில் டவுனில் மசாலாப் பொடி வியாபாரம் பார்த்து, இப்போது மகனிடம் கொடுத்துவிட்ட ஓர் அண்ணாச்சியைப் பார்த்தேன். உட்கார்ந்ததும், "ஏம்மா, கடன் நோட்டு கொண்டாந்திருக்கியா?" என்றார். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்தக் கடைக்காரன் பழைய பாக்கியத் தராமலே புதுச் சரக்கு எடுத்துக்கிட்டே இருக்கான், பாத்தியா?" என்றார். பிறகு ஒரு கட்டைப் பிரித்து, உடைந்த அப்பளங்களைத் தனியாக எடுத்து வைத்தார். "இதுக்கு யாரு காசு தாரா?"

அங்கேயே சரி சொல்லிவிடவில்லை. அவரிடம் யோசனை கேட்டு நடந்தவர்கள் யாரென்று கேட்டு வாங்கிப் பேசினேன். நல்லது சொல்லத்தான் எல்லோரும் தயார். அதனால், அவருக்குத் தெரியாத விஷயம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். வீரவநல்லூரில் முறுக்குப் போடும் அக்கா சொன்னார்: "ஏற்றுமதி பத்திக் கேட்டேன். எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லி, தூத்துக்குடியில தெரிஞ்ச ஆளுகிட்ட அனுப்பிட்டாரு." எனக்கு அது போதும்.

மூன்று மாதம் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் வருத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். பழைய பாக்கி வந்தால்தான் புதுச் சரக்கு என்று ஆக்கினார். குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடிக்கச் சொன்னார். குறுந்தொழிலிடம் சரக்கு எடுத்தவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கடைக்காரரிடம் சண்டை போடாமல் சொல்வது எப்படி என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கடைகள் கொஞ்சம் குறைந்தன. உளுந்துக்கு அடகு வைப்பது நின்றது.

ட்ரையர் பேச்சு இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. இந்த மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை நிற்கிறது, எவ்வளவு நட்டம் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். கார்த்திகை முடிந்ததும் அந்தக் கணக்கோடு மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.