‘ஹேண்ட் டேம்’ என்று சொல்லி விற்ற காக்டைலைக் கைக்கு வர வைத்த கதை

"கைல தானா வந்து உக்காரும் சார், ஹேண்ட் டேம்" என்று சொல்லித்தான் கடையில் காக்டைலுக்கு, அதாவது கொண்டை வைத்த சின்னக் கிளிக்கு, கூடுதலாகப் பணம் வாங்கினார்கள். பையன் கூண்டுக்குள் கைவிட்டு ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்து விரலில் உட்கார வைத்துக் காட்டினான், அதுவும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பழக்கத்தில் இல்லை, பயத்தில். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு வந்து கூண்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், கொண்டையைப் பின்னால் படியவைத்துக்கொண்டு பாம்பு மாதிரி சீறுகிறது. கடைக்குப் போன் போட்டால், "பழகிடும் சார், புடிச்சிப் புடிச்சி விடுங்க."

அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே விடும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுபோகலாம். போதாததற்கு மேலிருந்து இறங்கும் கை என்றால் அதற்குப் பருந்துதான். இதுவரை அந்தக் கை செய்ததெல்லாம் அமுக்கியது மட்டும்தான் என்னும்போது அது ஏன் நம்ப வேண்டும்?

இன்னொரு வேலையும் பார்த்திருந்தார்கள். ஒரு பக்க இறக்கையின் சிறகுகளை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். பறக்க முயன்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் விழும், விழுந்துவிட்டு இன்னும் மிரளும். அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், டோக்கன் போட்டு, குரைக்கிற நாய்களுக்கு நடுவே காத்திருந்து உள்ளே போனால், "நாங்க நாய், பூனை மட்டும்தான் பாக்குறோம்." டோக்கன் கொடுக்கும்போது கையில் கூண்டு இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லையா? அதனால் முதலில் போன் செய்து "பறவை பார்ப்பீர்களா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அடி இல்லை. வெட்டின சிறகு அப்படியே வளராது, மிச்சமிருக்கிற அடித்தண்டு உதிர்ந்து புதுசு முளைத்தால்தான் உண்டு. அதுவரை தப்பித்துப் பறக்க முடியாது என்று அதற்கே தெரியும் என்பதால் மிரட்சியும் கூடத்தான் இருக்கும்.

எதிர்மாடியில் புறா வளர்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஹோமர், கர்ணம் வகைப் புறாவெல்லாம் வைத்திருக்கிறார். "இன்னாபா, ஒரு பட்சிய புடிக்கத் தெரியாதா? குடு இப்டி" என்று காலை விரலிடுக்கில் கோத்துப் பிடிக்கிற அவர் முறையைக் காட்ட வந்தார். கும்பிடு போட்டுத் தடுத்தேன். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றுதான் கைகொடுத்தது: "தீனி போடறதுக்கு முன்னாடி ஒரே மாதிரி விசில் அடி. மீதிய அது பாத்துக்கும்."

தினை அதற்கு உயிர். கிண்ணத்தில் வழக்கமான தீனியை வைத்துவிட்டு, தினையை மட்டும் எடுத்துவிட்டேன். பட்டினி போடக் கூடாது, சின்னப் பறவை சாப்பிடாவிட்டால் சீக்கிரம் சுருண்டுவிடும். தினை வேண்டுமென்றால் என்னிடம்தான், அதுவும் விசிலுக்குப் பிறகுதான். முதலில் நீளக் காம்புள்ள கரண்டியில் கம்பிக்கு வெளியே நின்று நீட்டினேன். பிறகு டீஸ்பூன், அப்புறம் அதையே நுனியில் பிடிக்காமல் குழிக்குப் பக்கத்தில் பிடித்து, கை கொஞ்சம் கொஞ்சமாக அதன் பார்வைக்குள் வந்தது. கொண்டை பின்னால் படிந்தாலோ விறைத்து நேராக நின்றாலோ அன்றைக்கு அதோடு முடிந்தது, இன்னும் ஒரு முறை என்று ஆசைப்பட்டால் நேற்று வரை சேர்த்ததும் போய்விடும். தளர்வாகப் பாதி எழும்பிய கொண்டையோடு அலகை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்றது. விசில் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கடைசியில் பார்த்தால், நான் வேலைக்குப் போனதும் அம்மா கிண்ணம் நிறையத் தினை கொட்டியிருக்கிறார். "பாவம்டா, வாயில்லா ஜீவன், ஒரு பிடி தினைக்கு அத ஏன் அலையவிடுற?" அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தது காக்டைலைப் பழக்கியதைவிடப் பெரிய வேலை. சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் கரண்டியையே அம்மா கையில் கொடுத்தேன். அதன் பிறகு கிண்ணத்தில் தினை விழவில்லை.

தீபாவளி இன்னொரு அடி. எங்கள் தெருவில் வெடிக்கிற வெடிக்கு நமக்கே நெஞ்சு அதிரும். இருட்டில் மிரண்டால் காக்டைல் கூண்டுக்குள்ளேயே மோதி மோதி ரத்தம் வரவழைத்துக்கொள்ளும். உள் அறைக்கு மாற்றி, ஒரு சின்ன நைட் லாம்ப் போட்டுவைத்ததில் அடிபடாமல் தப்பித்தது, ஆனால் பழக்கம் மறுபடி நீளக் கரண்டிக்குப் போய்விட்டது. கொசுவத்தியையும் அந்த அறையில் ஏற்றாதீர்கள். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிட்டு மறந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும், பலருக்கு இது தெரிவதில்லை.

விரலுக்கு வரவைக்கக் குச்சிதான் உதவியது. வயிற்றுக்குக் கீழே, காலுக்கு மேலே குச்சியை மெல்ல ஒட்டினால் தானாக ஏறிக்கொள்ளும். குச்சியோடு சேர்த்து விரலை நீட்டி, குச்சியைக் குட்டையாக்கிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரோடு விசில் அடித்தபோது, குச்சியை எடுப்பதற்குள் ஒற்றைக் காலை விரலில் வைத்து அழுத்திப் பார்த்து, அப்புறம் அடுத்த காலையும் வைத்துவிட்டது. காப்பி ஆறிப்போனது.

இப்போது எனக்கும் அம்மாவுக்கும் வரும், தம்பியைக் கண்டால் இன்னும் சீறும். தலையைத் தொடவிடாது. வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் பிடித்துக் காட்டுவதைப் பார்க்காதீர்கள், பிடிக்காமல் சும்மா கையை நீட்டச் சொல்லி அது நடந்து வருகிறதா என்று பாருங்கள்.

நகம் வளர்ந்துவிட்டது, வெட்ட வேண்டும். அதற்கு மட்டும் எதிர்மாடி அண்ணனையே பிடிக்கச் சொல்லியிருக்கிறேன், நெஞ்சை அழுத்தாமல். கெட்ட பெயர் அவர் கைக்கே போகட்டும்.